வாசல்வரை

அவளுக்குப் பெயர் நியேவெஸ்.
பனி என்று அர்த்தமாம்.
பங்குனி வெயிலில், முல்லைத்தீவு பஸ் நிலையத்தில்,
தோல் உரிந்த மூக்கோடு நின்று சொன்னாள்.
நான் சிரிக்கவில்லை.
வாடகை பேசிக்கொண்டிருந்தேன்.

ஊர் அல்மெரியா. அதுவும் கடல்.
புது ஊரில் முதலில் பார்க்கவேண்டியது
குடிக்கிற இடம் என்பது அவளுடைய கொள்கை.
"தபெர்னா" என்றாள்.
"தவறணை" என்றேன்.
களவுபோன ஒரு சைக்கிளின்
மணி ஒருவரிடமும் சில்லு ஒருவரிடமும்
அகப்பட்டதுபோல
ஆளையாள் பார்த்தோம்.

நான் குடிப்பதில்லை.
ஆனால் இந்தக் கரையின் தவறணை முழுதும் தெரியும்,
வாசல்வரை.
உள்ளே எப்படி என்று கேட்டால்
வெளியே வருகிறவர்களின் பாரத்தை வைத்துச் சொல்வேன்.
கள்ளப்பாட்டில் ஏறுகிறவர்கள் பாடுவார்கள்.
செல்வபுரத்தார் கடன்கணக்குச் சொல்வார்கள்.
அளம்பிலில் ஏறும் மரியசீலன் வாய் திறக்கமாட்டான்;
இறங்கியதும் ஆட்டோவுக்கு ஒரு சல்யூட் அடிப்பான்.
அது எங்கே பழகியது என்று
நான் கேட்டதில்லை.

முதலாவது இடத்தில்
என்.ஜி.ஓ. என்று நினைத்துக் கதிரை போட்டார்கள்.
ஒருவர் தன் உடைந்த வள்ளத்தின்
நீளம், அகலம், இயந்திர இலக்கம்
எல்லாம் சொல்லத் தொடங்கினார்.
ஒரு பிளா குடித்தாள். எழும்பினாள்.
"ஏன், கள்ளுச் சரியில்லையோ?"
அவளுடைய ஊரில் ஓரிடத்தில் ஒன்றுதானாம்,
பிறகு அடுத்த இடம், அடுத்த தெரு.
இங்கே வருவதே இருப்பதற்கு.
கள்ளு அந்த இருப்புக்கு வாடகை.
இதை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லப் பார்த்தேன்.
வாடகை என்றதும்
பேர்ஸைத் திறந்தாள்.

இரண்டாவது, தகரக் கொட்டில்.
கடல் இருபது யார்.
கடல் பக்கம் ஒரு ஓட்டைகூட இல்லை.
ஏன் யன்னல் வைக்கவில்லை என்று கேட்டாள்.
"விடியப்புறம் ரெண்டு மணிக்கு
அதின்ர முகத்திலதான் முழிக்கிறம். காணாதே?"
மூலையிலிருந்து இன்னொரு குரல்:
"ரெண்டாயிரத்து நாலில
அதுவே எங்களைப் பாக்க வந்ததுதானே."
எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.
இரண்டாவதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அளம்பிலில் பத்திநாதன் வாசலை மறித்தான்.
"பொம்பிளையள் உள்ளுக்க வரேலாது.
வேணுமெண்டால் வெளியில தாறன்."
எனக்கு முகம் கூசியது.
அவள் பூவரசின் கீழே போய் நின்று,
"எங்கட ஊரிலும் வெளியில் நின்றுதான்" என்று
கையசைத்துக் காட்டினாள்.
பிளாவுக்கு அடி இல்லை,
கீழே வைக்க முடியாது.
இரண்டு கையாலும் ஏந்தி
செத்த தேனீயை ஊதி ஒதுக்கிக்
குடித்துக்கொண்டே நின்றாள்,
விசாரணைக்கு வந்தவள்போல, அவசரமில்லாமல்.

முதலில் ஒருவன் சிகரெட் பற்ற வெளியே வந்தான்.
அவனிடம் நெருப்புக் கேட்க இன்னொருவன்.
பிறகு காரணம் சொல்லாமல் நாலைந்து பேர்.
கடைசியில் மரியசீலன்.
பூவரசம் இலையில் இரண்டு சூடைப் பொரியல்.
அவளுடைய கை இரண்டும் நிறைந்திருந்தது.
யோசித்தான்.
இலையோடு அப்படியே
பிளாவின் வாய்க்கு மேலே வைத்தான்,
இலையான் விழாமல்.

"தாப்பா!" என்று கத்தினாள்.
எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.
இல்லை, இல்லை. மூடி.
அவளுடைய மொழியில் தாப்பா என்றால் மூடி;
குடிக்கும்போது கடிக்கிறதுக்கும் அதே பெயர்.
மரியசீலன் அந்தச் சொல்லை
வாய்க்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.
அந்த வருடம்
அவன் பேசி நான் கேட்டது
அது ஒன்றுதான்.

ஏழு மணி பஸ்ஸில் அவள் திருகோணமலைக்கு.
மிச்சக் காசு வேண்டாம் என்றாள்.
நூற்றைம்பது ரூபா.

நாலாம் நாள் அளம்பிலுக்கு ஆள் ஏற்றப் போனேன்.
பூவரசின் கீழே புது வாங்கு ஒன்று,
ஆணித்தலை இன்னும் மினுங்கியபடி.
"ஆருக்கு?" என்றேன்.
"சும்மா" என்றான் பத்திநாதன்.
அதன்மேல்
ஒரு ஆடு படுத்திருந்தது.